உச்சி மலையும் ஊர்க் குழாயும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை, மலருக்காக எழுத்து வடிவில்)

 

மலையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பண்டமாரானில் நின்றுகொண்டு மலையைப் பற்றிப் பேசுவது, பாலைவனத்தில் நின்று படகு விற்பது போலத்தான். நம்மூர்த் தரை கடல் மட்டத்துக்குச் சில அடிகள்தான் மேலே இருக்கிறது. கடல் பெருகும் நாளில் கால்வாய்த் தண்ணி வந்த வழியே திரும்பி ஏறும். அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பிரித்தார்கள் அல்லவா? அந்தக் கணக்கில் நாம் நெய்தல் நிலத்தார். நான் இன்று பேசப்போவது குறிஞ்சியைப் பற்றி. அதிலும் மலையின் அடிவாரத்தையோ சரிவையோ பற்றி அல்ல. மேகம் வந்து உட்காருகிற உச்சியைப் பற்றி.

நெய்தலுக்கும் குறிஞ்சிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிரேசர் மலைப் பக்கத்துச் சரிவுகளில் சின்னச் சின்ன ஓடைகளாகப் பிறந்து, கோலா குபு பாரு வழியாக இறங்கி வருகிறது. நாம் காலையில் காப்பி கலக்கும் தண்ணீர் சில நாட்களுக்கு முன்னால் மலை மேல் பாசியில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீராக இருக்கலாம்.

கோலா குபு பாரு என்று சொன்னேன். 'பாரு' என்றால் புதிய என்று பொருள், உங்களுக்குத் தெரியும். அப்படியானால் பழைய கோலா குபு எங்கே? அந்த ஊரை 1883-ல் ஓர் அணை உடைந்து அடித்தது. அதற்குப் பிறகு மேலே ஈயச் சுரங்கக்காரர்கள் தோண்டித் தள்ளிய மண் ஆண்டுக்கணக்காக ஆற்றில் இறங்கி, ஆற்றின் அடித்தரை உயர்ந்துகொண்டே போனது. தண்ணீர் போக இடமில்லாமல் ஊருக்குள் புகுந்தது, ஒரு தடவை அல்ல, பல தடவை. கடைசியில் 1930-ஐ ஒட்டி ஊரையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். மேட்டு மண் கீழே இறங்கினால் பள்ளத்து ஊர் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான் என்பதற்கு நம் சிலாங்கூரிலேயே சாட்சி இருக்கிறது.

இப்போது மாணவர்களிடம் பேசுகிறேன். மரம் நடுவதைப் பற்றி இன்று கட்டுரைக்குப் பரிசு கொடுத்தோம். மரம் நட்டால் மழை வரும், மண் நிற்கும், காற்று சுத்தமாகும் என்று பிள்ளைகள் அழகாக எழுதியிருந்தார்கள். நல்ல கருத்து. நம்மூரில், இந்தப் பள்ளித் திடலில், தாராளமாக நடுங்கள். ஆனால் மரம் நட்டே கெட்டுப்போன மலை ஒன்று இருக்கிறது; அதுவும் தமிழ்நாட்டில் இருக்கிறது. கேட்கச் சற்று விசித்திரமாக இருக்கும். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஊட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய படங்களில் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடிப்பிடித்து ஆடுவார்களே, அந்த ஊர். அது நீலகிரி மலையில் இருக்கிறது. நீலகிரி, ஆனைமலை, கொடைக்கானல் இருக்கிற பழனி மலை, இவற்றின் மேற்பகுதி 2,000 மீட்டருக்கு மேலே போகிறது. கேரளப் பக்கம் மூணாறை ஒட்டிய ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவிலேயே அதைவிட உயரமில்லை. அந்த உயரத்தில் இயற்கையின் ஏற்பாடே வேறு. இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளம் விழுகிற இடத்தில் மட்டும் குட்டையான, அடர்ந்த காடு இருக்கும். அதைச் சோலை என்பார்கள். மற்றபடி மேடெல்லாம், சரிவெல்லாம் புல். ஆளுயர மரம் ஒன்றுகூட இல்லாமல் அலை அலையாகப் புல். உலகத்து விஞ்ஞானிகள் இன்றைக்கும் தங்கள் நூல்களில் அந்தக் காட்டை 'ஷோலா' என்றுதான் எழுதுகிறார்கள். நம்முடைய 'சோலை'தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

மேட்டில் ஏன் மரம் இல்லை? மார்கழி, தை மாதங்களில் இரவில் அங்கே உறைபனி விழும். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்திருக்கும். அந்தக் குளிரில் மரக்கன்று கருகிவிடும்; புல் தாங்கும். காற்றும் ஓயாமல் அடிக்கும். பள்ளத்துச் சோலைக்குள் மட்டும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு மரங்கள் பிழைக்கும். இது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்துவந்த ஏற்பாடு. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையில் மரம் நின்றுபோகிற உயரத்துக்கு மேலே, பனிக்குக் கீழே இருக்கிற புல்வெளியை அந்த மலையின் பெயராலேயே ஆல்பைன் என்கிறார்கள். நம் நீலகிரிப் புல்வெளி அதற்குத் தெற்கத்திச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புல்லுக்குக் கீழே கறுப்பு மண் இருக்கிறது. இலையும் வேரும் குளிரில் சீக்கிரம் மக்காமல் சேர்ந்து சேர்ந்து உண்டான மண். பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு மழையில்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும். பவானி ஆறு அப்படித்தான் மேலே பிறக்கிறது. இறங்கிவந்து காவிரியில் சேர்கிறது. சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் தாத்தா, பாட்டி குடித்த காவிரித் தண்ணீரில் நீலகிரிப் புல்லுக்கும் பங்கு உண்டு.

ஆனால் வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது வெறும் புல்லாகத் தெரிந்தது. ஜான் சல்லிவன் என்ற கோயம்புத்தூர் கலெக்டர் 1819-ல் மலை மேலே ஏறினார். அதன் பிறகு ஊர் வந்தது, சாலை வந்தது, விறகு தேவைப்பட்டது. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்று தைல மரம். நீலகிரி மக்கள் அதைக் கற்பூர மரம் என்பார்கள். இன்னொன்று சீகை மரம், அதாவது வாட்டில். சீகையின் பட்டை தோல் பதனிட உதவும். வெள்ளைக்காரன் போன பிறகும் இந்த வேலை நிற்கவில்லை. நின்றால்தானே! தோல் தொழிற்சாலைக்கும் கூழ் ஆலைக்கும் வேண்டும் என்று, புல்மேட்டைத் 'தரிசு' என்று எழுதிவைத்து, வேகமாக நட்டார்கள். தரிசு என்ற ஒரு சொல் எத்தனை மலையை விழுங்கியிருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். நம் பக்கத்தில் 'லாலாங் காடு, சும்மா கிடக்கிறது' என்று சொல்வார்களே, அதே பேச்சுத்தான்.

நட்ட மரம் நன்றாகவே வளர்ந்தது. அதுதான் தொல்லை. சீகைக்கு உறைபனி பெரிய சங்கதி இல்லை. அதன் நிழலில் புல் செத்தது. ஆண்டு முழுக்கப் பச்சையாக நின்று மண்ணிலிருந்து நீரை இழுத்தது. மேட்டில் கசிந்துகொண்டிருந்த ஊற்றுகள் மெலிந்தன. தோடர் என்ற மலைமக்கள் அந்தப் புல்மேட்டில்தான் எருமை மேய்த்தார்கள். தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வதும் மலைமேல் கிடைக்கும் ஒருவகைப் புல்லால்தான். எருமைக்கு மேய்ச்சலும் குறைந்தது, கோயிலுக்குப் புல்லும் அரிதானது. பழனி மலையில் சுமார் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த ஆய்வுக்கு அவர்கள் வைத்த தலைப்பின் பொருளே, மரத்தைப் பார்த்துப் புல்லைக் காணாமல் விட்டது என்பதுதான்.

சரி, வெட்டிவிட்டால் போச்சு என்பீர்கள். அதுவும் லேசில்லை. வெட்டிய அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ வைத்தால் சாகாது, அப்போதுதான் விழித்துக்கொண்டு கூட்டமாக முளைக்கும். சில இடங்களில் பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக வந்திருக்கின்றன. அங்கே வெட்டலாமா கூடாதா என்று படித்தவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு இப்படிப்பட்ட அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. நடுவதற்குச் சில ஆண்டுகள் போதுமாயிருந்தது. அகற்றுவதற்கு இரண்டு தலைமுறை ஆகும் போலிருக்கிறது.

இந்தப் புல்மேட்டை நம்பி ஒரு விலங்கு இருக்கிறது. மாணவர்களே, இதைக் கவனித்துக் கேளுங்கள். புதிர்ப் போட்டிக்கு உதவும். அதன் பெயர் வரையாடு. வரை என்றால் மலை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு அதுதான். சங்க நூல்களில் வருடை என்று வருகிறதே, அது இந்த ஆடுதான் என்பார்கள். கடா 100 கிலோ வரை இருக்கும். வயதானால் முதுகில் சேணம் போட்டது போல வெள்ளி நிறம் படரும். புலியோ சிறுத்தையோ செந்நாயோ துரத்தினால், நாம் எட்டிப் பார்க்கவே நடுங்குகிற பாறைச் செங்குத்தில் போய் நின்றுகொள்ளும். மேய்வதற்குப் புல், ஒளிவதற்குப் பாறை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். காட்டுக்குள்ளே அதற்குப் பிழைப்பில்லை. புல்மேட்டில் சீகை மூடிவிட்டால் அந்த ஆடு எங்கே போகும்? மேலே போகலாம் என்றால் அதற்கு மேலே மலையே கிடையாது.

குன்னூரில் இ.ஆர்.சி. டேவிதார் என்பவர் இருந்தார், தொழிலால் வழக்கறிஞர். மலை மலையாக நடந்து இந்த ஆட்டைக் கணக்கெடுத்தவர். 1975-ல் அவர் செய்த ஆய்வு இந்த ஆட்டைப் பற்றிய முதல் ஆய்வுகளில் ஒன்று. அவர் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாடு நாள் என்று தமிழ்நாட்டில் கொண்டாடுகிறார்கள். வக்கீல் வேலைக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை போலும். நம் பிள்ளைகளும் எந்த வேலைக்குப் போனாலும் இப்படி ஒரு பித்து வைத்துக்கொள்ளலாம். 2022-ல் அந்த அரசு இந்த ஆட்டுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. 2024-ல் எண்ணிப் பார்த்ததில் தமிழ்நாட்டில் 1,031. அடுத்த ஆண்டு கேரளாவும் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,303. இரு மாநிலமும் சேர்த்தால் 2,600-க்குச் சற்று மேல். உலகத்தில் வேறெங்கும் இந்த ஆடு காட்டில் இல்லை. நம் பண்டமாரானில் ஓர் அடுக்குமாடி வட்டாரத்தில் இருக்கிற ஆட்களைவிடக் குறைவு.

இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தோட்டக்காரர் கதை. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். நம் மக்கள் இங்கே பால் மரம் சீவ வந்தது போல அவர்கள் அங்கே போனார்கள். அந்தத் தோட்டங்களுக்கு மேலே இரவிகுளம் என்ற புல்வெளி இருந்தது. தேயிலைக் கம்பெனித் துரைமார்கள் அதை வேட்டைக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். முதுவர் என்ற மலைமக்களைக் காவலுக்கு வைத்தார்கள். அவர்கள் காத்தது விலங்கின் மேல் இரக்கப்பட்டு அல்ல. தாங்கள் சுடுவதற்கு அது இருக்க வேண்டுமே என்றுதான். ஆனாலும் விளைவு என்ன? தேயிலை அந்த மேட்டுக்கு ஏறவில்லை, சீகையும் ஏறவில்லை. 1971-ல் கேரள அரசு நிலத்தை எடுத்துக்கொண்டு, 1975-ல் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. 97 சதுர கிலோமீட்டர். இன்று வரையாடுகள் மிக அதிகமாக ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான். குட்டி போடும் காலத்தில், ஆண்டு தொடக்கத்தில், சுற்றுலாக்காரர்களுக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். பிரசவ வார்டில் கூட்டம் போடக்கூடாது என்பது போல.

அங்கேதான் நீலக்குறிஞ்சி பூக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 1970, 1982, 1994, 2006, 2018 என்று பூத்துவிட்டது, அடுத்தது 2030. மலை முழுக்க ஊதாப் பட்டு விரித்தது போலிருக்கும். நம் முன்னோர் ஒரு நிலத்துக்கே அந்தப் பூவின் பெயரை வைத்தார்கள் என்றால், அதைக் கண்ணால் கண்டு மயங்கித்தான் வைத்திருக்க வேண்டும். பூத்து, விதை போட்டு, செடி செத்துவிடும். அந்த விதை விழுகிற இடத்தில் நடுவிலுள்ள பதினோரு ஆண்டில் எவனாவது மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து விட்டால், பன்னிரண்டாம் ஆண்டில் போய் நின்று பார்க்க ஒன்றும் இருக்காது.

இலங்கையிலும் நம் சனங்கள் மலை ஏறினார்கள். அங்கே காட்டை வெட்டிக் காப்பி நட்டு, காப்பி நோயில் அழிந்ததும் தேயிலை நட்டார்கள். 1873-ல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டில் கை வைக்காதீர்கள், ஆறுகளெல்லாம் அங்கேதான் பிறக்கின்றன என்று ஆட்சியாளர்களுக்கு ஆலோசனை சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டார்கள். முழுக்க இல்லாவிட்டாலும் கேட்டார்கள். அதனால்தான் ஹோர்ட்டன் சமவெளி மிஞ்சியது. 1988-ல் அது தேசியப் பூங்காவானது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு அந்த மேட்டிலிருந்து நீர் போகிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்த விஷயம் இது. புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

மலாயாவுக்கு வருவோம். மேலே போகப் போக, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 பாகை வெப்பம் குறையும். இங்கே 32 என்றால் கேமரன் மலையில் 23-ஐ ஒட்டி இருக்கும். அங்கே பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. உச்சியில் புல்வெளி இல்லை, பாசிக்காடு இருக்கிறது. கூனிப்போன கிழவர்கள் போலக் குட்டை மரங்கள். ஒவ்வொரு கிளையிலும் கை தடிமனுக்குப் பாசி. மழை பெய்யாத நாளிலும் மேகம் அந்தக் காட்டுக்குள் புகுந்து போகும்போது பாசி அதைப் பிழிந்து சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். மழைமானியில் விழாத தண்ணீர் அது. மரத்தை வெட்டினால் மேகம் வழக்கம்போல வரும், போகும். பிழிந்து எடுக்க ஆளிருக்காது.

1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்த மலைப்பகுதியைக் கண்டு குறித்தார். 1929-ல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1931-ல் தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. அதன் பிறகு அங்கும் தமிழ்க் குடும்பங்கள், தமிழ்ப்பள்ளிகள். தேயிலை மண்ணை ஓரளவு மூடிப் பிடித்துக்கொள்ளும். காய்கறித் தோட்டம் அப்படியில்லை. சரிவை வெட்டிப் படிபோட்டு, பிளாஸ்டிக் கூரை போட்டு, மண்ணை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். மழையில் அது இறங்குகிறது. ரிங்லெட்டில் 1963-ல் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணை மின்சாரத்துக்காகக் கட்டியது. அதன் ஏரி மண்ணாலும் குப்பையாலும் நிரம்பிக்கொண்டே வந்தது; ஆண்டுதோறும் தூர் வார வேண்டியதாயிற்று. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் அதிகாலையில் பெருமழை. ஏரி கொள்ளாமல் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, உயிர்களும் போயின. அன்று சேறு புகுந்த வீடுகள் யாருடையவை? மலையை வெட்டச் சொன்னவர்களுடையவை அல்ல.

காய்கறிக்காரரைத் திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை. கிள்ளான் சந்தையில் கோபிஸ் விலை ஒரு வெள்ளி ஏறினால் நாம் எல்லோரும் முணுமுணுக்கிறோம். அந்த மலையில் களை எடுக்கிறவனும் கூலிக்காரன்தான். முன்பு நம் ஆள், இப்போது நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவன். எந்தச் சரிவில் வெட்டலாம், எதில் கூடாது என்று முடிவெடுப்பவர் வேறு. நம் நாட்டின் தேசிய நில அமைப்புத் திட்டம் 1,000 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தை, கை வைக்கக்கூடாத முதல்தர இடம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் நிலம் மாநிலத்தின் அதிகாரம். தாளில் இருப்பது தாளிலேயே இருந்துவிடும், நாம் கேட்காவிட்டால். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலை கேட்கிறோம், கோயிலுக்கு நிலம் கேட்கிறோம். நம் குழாய்க்கு மேலே உள்ள மலை எப்படி இருக்கிறது என்றும் ஒருமுறை கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டாலும் கேள்வி நினைவிருக்கும்.

தோட்டத் தோழர்களுக்கு நான் மண்ணைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பழைய காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு புல் இல்லாமல் சுத்தமாகக் களை வெட்ட வேண்டும் என்பது துரைமார் கட்டளை. வெட்டிய கைகள் உங்கள் தாத்தா பாட்டியுடையவை. மேட்டு நிரையில் மழைக்குப் பிறகு வேரெல்லாம் வெளியே தெரியும், மேல்மண் ஓடிப்போயிருக்கும். பிறகுதான் புத்தி வந்து, கொடிப்பயிர் பரப்பி மண்ணை மூடினார்கள். அந்தக் கொடியைத் துரை கண்டுபிடிப்பதற்கு முன்பே, 'அம்மணமாக விட்டால் மண்ணு நிக்குமா?' என்று என் அம்மா சொல்லுவார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

நம் நாட்டில் உண்மையிலேயே மரம் நின்றுபோகும் அளவுக்கு உயர்ந்த மலை ஒன்றுதான்: சபாவில் கினபாலு, 4,095 மீட்டர். உச்சியில் இரவில் தண்ணீர் உறையும். அங்கே வாழும் டூசுன் மக்கள், தம் முன்னோரின் ஆவிகள் அந்த மலையில் தங்குவதாக நம்புகிறார்கள். 1964-ல் அது பூங்காவானது. 2000-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே குடுவைச் செடிகள் பல வகை. பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் கினபாலுவில் ஒருவகைக் குடுவை, அணில் போன்ற மர மூஞ்சூறு வந்து மூடியின் அடியில் ஊறும் இனிப்பை நக்கிவிட்டுக் குடுவைக்குள்ளேயே கழித்துவிட்டுப் போவதை உரமாக எடுத்துக்கொள்கிறது. சிரிக்கிறீர்கள்! உச்சி மலையில் மண்ணில் சத்துக் குறைவு. கிடைத்ததை வீணாக்காமல் செடி பிழைக்கிறது.

இனி நான் சொல்வது சிரிப்பு அல்ல. 1965-ல் ஆய்வாளர்கள் கினபாலு ஏறி, எந்த உயரத்தில் எந்த அந்துப்பூச்சி இருக்கிறது என்று பிடித்துக் குறித்து வைத்தார்கள். 42 ஆண்டு கழித்து, 2007-ல், வேறொரு குழு அதே இடங்களில் மறுபடி விளக்கு வைத்துப் பிடித்தது. 102 இனங்களை ஒப்பிட்டார்கள். சராசரியாக 67 மீட்டர் மேலே ஏறியிருந்தன. மலை சூடாகிறது, பூச்சி குளிரைத் தேடி ஏறுகிறது. கீழே இருப்பவை ஏறலாம், நடுவில் இருப்பவையும் ஏறலாம். உச்சியில் ஏற்கனவே இருப்பது எங்கே ஏறும்? வரையாட்டுக்குக் கேட்ட அதே கேள்விதான். நாம் பண்டமாரானில் வெள்ளம் வந்தால் உறவினர் வீட்டுக்கோ மண்டபத்துக்கோ போகிறோம். மலை உச்சி உயிர்களுக்குப் பக்கத்து மலை என்பது நடுவில் கடல் போன்ற வெப்பப் பள்ளத்தைத் தாண்டி இருக்கிறது. அது அவற்றுக்குத் தீவு. இந்த வெப்பத்தைப் பூச்சி உண்டாக்கவில்லை. நம் லோரியும் தொழிற்சாலையும், காட்டை எரித்த புகையும் உண்டாக்கியது. அதை நாம் ஒரு பள்ளிக்கூடமாக நிறுத்த முடியாது. ஆனால் சூடு ஒருபக்கம் துரத்தும்போது கோடரியும் ஒருபக்கம் துரத்தாமல் பார்த்துக்கொள்ள முடியும். உச்சியையும் அதை ஒட்டிய சரிவையும் ஒன்றாக, வெட்டுப்படாமல் விட்டால், ஏறுகிற உயிருக்கு ஏணியாவது இருக்கும்.

மற்ற நாடுகளிலும் இந்தக் கவலை வந்துவிட்டது. இமயமலையில் உத்தராகண்ட் மாநிலத்தில் புக்யால் என்று சொல்லும் உயர்ந்த புல்வெளிகள் உண்டு. கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் மிதித்தும் குப்பை போட்டும் கெடுத்ததால், அங்கே இரவு தங்கக்கூடாது என்று 2018-ல் அம்மாநில உயர்நீதிமன்றமே தடை போட்டது.

நேரமாகிவிட்டது, பிள்ளைகளின் நடனம் காத்திருக்கிறது என்று தலைமையாசிரியர் பார்க்கிறார். இரண்டே வார்த்தை. அடுத்த பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் சுற்றுலா போவதாகக் கேள்விப்பட்டேன். பிரிஞ்சாங் பாசிக்காட்டில் பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒரு கால் வைத்த இடத்தில் பாசி மறுபடி வளர ஆண்டுகள் ஆகும். குடுவைச் செடியையோ காட்டு ஆர்க்கிட்டையோ பெயர்த்துப் பையில் போட்டு வராதீர்கள். பண்டமாரான் வெயிலில் அது ஒரு மாதம் தாங்காது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற நம் மக்களைக் கண்டால் நின்று பேசுங்கள். முன்பு பனி எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

போவதற்கு முன் இங்கேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் பழைய மங்கு இருந்தால் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டில் ஒரே அளவு மண் போட்டு, ஒன்றில் புல்லை வேரோடு வைத்து இரண்டு வாரம் விடுங்கள். மற்றது வெறும் மண். தட்டை ஒரு கல் மேல் சாய்த்து வைத்து, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, வழிகிற தண்ணீரை இரண்டு மங்கில் பிடியுங்கள். எந்த மங்கில் தண்ணீர் சேறாக இருக்கிறது, எதில் தெளிவாக இருக்கிறது, எது எவ்வளவு நேரம் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்று கடிகாரம் பார்த்து எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் எனக்கு அனுப்பி வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நன்றாகச் செய்த மூன்று பேருக்கு அடுத்த பரிசளிப்பு விழாவில் என் செலவில் புத்தகம் உண்டு.